நீளக் குழாயும் குட்டைக் குழாயும்

சனிக்கிழமை சாயங்காலங்களில் சாந்தோமில் ஒரு கோயிலின் கடைசி பெஞ்சு என்னுடையது. கோயில் என்பது என் மனைவி வீட்டு வழக்கு. அங்கே யாரும் சர்ச் என்று சொல்லி நான் கேட்டதில்லை. போர்ச்சுக்கீசியர் காலத்திலிருந்து அந்தப் பக்கத்திலேயே இருக்கிற குடும்பம், பாதிப் பேர் பள்ளிக்கூடத்து ஆட்கள், அவளும் டீச்சர். அவளைப் பார்ப்பதற்காக அந்தப் பெஞ்சில் உட்கார ஆரம்பித்தவன், கல்யாணம் ஆகி இருபத்து மூன்று வருஷம் கழிந்தும் எழுந்திருக்கவில்லை. நான் கும்பிடுகிற சாமி மயிலாப்பூர்க் குளத்துக்கு அந்தண்டை இருக்கிறார். அவருக்கு இதில் ஆட்சேபணை இருப்பதாக இதுவரை தகவல் இல்லை.

பாடகர் குழு ஒத்திகை பார்க்கும் அந்த ஒன்றரை மணி நேரம்தான் வாரத்தில் என் கால் ஆடாமல் இருக்கும் நேரம். மற்றபடி நான் ஓர் இடத்தில் நிற்காதவன். நந்தனத்து அலுவலகத்தில் என் நாற்காலியின் சக்கரங்கள் மட்டும் இரண்டு முறை மாற்றப்பட்டிருக்கின்றன. கோயிலில் அப்படியில்லை. கடல் பக்கத்து ஜன்னல்கள் திறந்திருக்கும். உப்புக் காற்றில் மெழுகு வாசனை கரையும். இருபது குரல்கள் ஒன்றன் தோள்மேல் ஒன்று ஏறி நிற்கும், எல்லாவற்றுக்கும் மேலே என் மனைவியின் குரல், வெயில் விழுந்தால் மட்டும் தெரிகிற சிலந்தி நூல்போல, ஒரு தூணிலிருந்து இன்னொரு தூணுக்குப் போகும். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு நான் எங்கெங்கோ போய்விட்டு வருவேன்.

போன வருஷத்து மார்கழியில், கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்றின் ஒத்திகையில், அந்த உச்சி இடம் வந்தது. அவள் வாய் திறந்ததைப் பார்த்தேன். புருவம் ஏறியதைப் பார்த்தேன். நூல் வரவில்லை. மற்ற குரல்கள் இருந்தன, ஆர்மோனியம் இருந்தது, ஜன்னலுக்கு வெளியே ஐஸ்வண்டிக்காரன்கூட இருந்தான். அவள் மட்டும் கண்ணாடிக்கு அந்தப்புறம் நின்று பாடுகிற மாதிரி இருந்தாள்.

தை மாதத்தில் யாருக்கும் சொல்லாமல் அடையாறில் ஒரு காது டாக்டரிடம் போனேன். மெத்தை ஒட்டிய சின்ன அறை. காதில் எதையோ மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்தச் சொன்னாள் ஒரு பெண். முதலில் கேட்டது, அழுத்தினேன். பிறகு மெலிதாகக் கேட்டது, அழுத்தினேன். பிறகு சோதனை முடிந்துவிட்டது போலிருக்கிறது என்று பொத்தானைப் பிடித்தபடி இதமாக உட்கார்ந்திருந்தேன். தற்செயலாகக் கண்ணாடி வழியே பார்த்தால் அவள் விரல் இன்னும் எதையோ திருகிக்கொண்டே இருக்கிறது. சத்தங்கள் வந்துகொண்டேதான் இருந்திருக்கின்றன. அந்த அமைதிதான் சோதனை.

வலது பக்கம் வரவரச் சரிந்து இறங்குகிற ஒரு கோடு போட்ட காகிதத்தைக் கொடுத்தார்கள். உயர்ந்த சுருதிகள் முதலில் போகும் என்றார் டாக்டர். கருவி வைத்துக்கொள்ளலாம், வீட்டில் பேசிவிட்டு வாருங்கள் என்றார். நான் பேசவில்லை. காகிதத்தை நான்காக மடித்து, வண்டியின் ஆர்.சி. புத்தக உறைக்குள் வைத்தேன். என் வீட்டில் அவள் தொடாத ஒரே பொருள் அதுதான்.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் தெருவெல்லாம் நீலப் புகை விட்டுக்கொண்டு திரிந்த டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் ஒன்று. அதன் மட்கார்டை உயர்த்தி, பட்டன் டயர் மாட்டி, ஷாக் அப்ஸார்பரை நீட்டி, மண்ணில் ஓடுகிற வண்டியாக மாற்றியவன் சைதாப்பேட்டை மெக்கானிக். மார்க்கெட்டுக்குப் பின்னால், ரயில் போனால் தகரம் அதிரும் தூரத்தில் அவன் ஷெட். என் வயதுதான், என்னைவிட ஒன்றரை மடங்கு உடம்பு. நாங்கள் நாலைந்து பேர் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வண்டிகளை ஒரு மினி லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு, திருவான்மியூர் தாண்டி, தெரிந்தவர் ஒருவரின் சவுக்குத் தோப்புக்குப் போவோம். அங்கே ஒரு மணல் மேடு. மேலே நின்றால் கடல் தெரியும் என்று ஏறியவர்கள் சொன்னார்கள். நான் முக்கால் வாசியில் பின்சக்கரம் புதைந்து நிற்பவன்.

சித்திரை முடிகிற சமயம், கத்திரி வெயிலில் அலுவலகத்திலிருந்து நடந்தே சைதாப்பேட்டை போனேன். வண்டிக்கு இன்ஜின் வேலையும் புதுச் சைலன்சர் குழாயும் வேண்டும் என்றேன். மெக்கானிக் இரண்டு குழாய்களைத் தூக்கி வந்து பெஞ்சில் போட்டான். இரண்டும் அவனே தகடு வெட்டி, கூம்பு கூம்பாகச் சுருட்டிப் பற்றவைத்தவை. இரண்டுக்கும் நடுவில் தொப்பை. ஒன்று நீளம், தொப்பை ஒல்லி, சாப்பிட்டுவிட்டு வெயிலில் படுத்திருக்கும் சாரைப்பாம்பு மாதிரி. இன்னொன்று குட்டை, தொப்பை பெருத்து, கழுத்துச் சுருங்கி, எப்போதும் கோபமாக இருக்கிற ஒரு மேலதிகாரி மாதிரி.

டூ ஸ்ட்ரோக்கில் இந்தத் தொப்பைதான் எல்லாம் என்று அவன் எனக்குச் சொல்லியிருக்கிறான். எனக்குத் தெரிந்து பௌதிகத்தில் இவ்வளவு சோகமும் இவ்வளவு அழகும் உள்ள பகுதி வேறில்லை. எரிந்த புகை வெளியேறும் வழியும் புதுப் பெட்ரோல் காற்று நுழையும் வழியும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். நுழைந்ததில் கொஞ்சம், எரியாமலே, புகையோடு வெளியே போய்விடும். வெடித்த சத்தம் குழாய் வழியே ஓடி, தொப்பை தாண்டி, குறுகுகிற சுவரில் மோதித் திரும்பும். திரும்பி வருகிற சத்தம், வழிதவறி வெளியே வந்த புதுக் காற்றை வாசலிலேயே பிடித்து, கதவு மூடுவதற்குள் உள்ளே தள்ளிவிடும். குழாய் நீளமாக இருந்தால் சத்தம் தாமதமாகத் திரும்பும். இன்ஜின் நிதானமாகச் சுற்றும்போது இழுவை கிடைக்கும். குட்டையாக இருந்தால் சீக்கிரம் திரும்பும். இன்ஜின் தலைதெறிக்கச் சுற்றினால்தான் அதற்கு ஈடு கொடுக்கும். போனதைத் திரும்பக் கொண்டுவருகிற ஒரு சத்தம். எனக்கு அந்த வருஷம் அதைவிட வேறென்ன வேண்டும்?

"மண்ணுக்கு நீளம்தான் நைனா," என்றான். "கீய இழுக்கும். நீ பாட்டுக்கு மேடு ஏறிக்கினு போலாம். இந்தக் குட்டை மேல போனாதான் வேல செய்யும், கீய ஒன்னும் கெடையாது. ஆனா சத்தம் கீதே, கீச்சுனு, பீச் வரைக்கும் கேக்கும்."

நான் குட்டையைக் கையில் எடுத்தேன்.

"மேடு ஏறணுமா, சத்தம் கேக்கணுமா? ஒன்னு சொல்லு."

"ரெண்டும்."

"ரெண்டும் வோணும்னா ரெண்டு வண்டி வாங்கு."

கீச்சென்று ஒரு சத்தம் என்று அவன் சொன்னதுமே நான் முடிவு செய்துவிட்டேன் என்பதை அவனிடம் சொல்லவில்லை. உயர்ந்த சுருதி போகிறதென்றால் நான் அதைவிட உயர்ந்த ஒன்றைத் தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொள்வேன். என் திட்டம் அவ்வளவுதான். நாற்பத்தொன்பது வயதில் மனிதன் இப்படித்தான் திட்டம் போடுகிறான். மெக்கானிக்கும் விட்டுக்கொடுத்துவிட்டான். குட்டைக் குழாய்க்கு ஏற்ற மாதிரி ஹெட்டைச் சீவினான், அழுத்தம் கூடுவதற்கு. சிலிண்டரில் புகை வெளியேறும் வாயை அரம் போட்டு உயர்த்தினான். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் போகும் துளையை, ஜெட் என்பார்கள், அன்றைய வெயிலுக்கு வைத்துப் பார்த்து, கழற்றி, வேறு எண் வைத்துப் பார்த்து, கண்ணை மூடி, தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டுக் கேட்டுப் பூட்டினான். வீணை சுருதி சேர்க்கிறவர்கள் முகத்தில் அந்தச் சாய்வைப் பார்த்திருக்கிறேன். மயிலாப்பூர்க்காரன், பார்க்காமல் இருக்க முடியாது.

பிறகு என்னை உதைக்கச் சொன்னான். உதைத்தேன். அடையாறு அறையில் வராததெல்லாம் சைதாப்பேட்டையில் வந்தது. சத்தம் என்பதைவிட, பற்களுக்குள் ஒரு வெளிச்சம். எனக்குக் கேட்டது. நான் சிரித்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. அவன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அப்போது அடுத்த கடையில் கிரைண்டர் இரும்பை அறுக்க ஆரம்பித்தது. அவன் என் பக்கம் குனிந்து, விரலை ஆட்டி, எதையோ இரண்டு வாக்கியம் சொன்னான்.

நான் தலையாட்டினேன்.

இந்தத் தலையாட்டலைப் பற்றி ஒரு வார்த்தை. காது போகிறவன் முதலில் கற்றுக்கொள்வது அதுதான். எதிராளியின் முகத்தில் கேள்வி முடிகிற இடம் தெரியும். அங்கே மெதுவாக, யோசித்த பாவனையில், ஒரு தடவை ஆட்ட வேண்டும். பத்துக்கு எட்டு பலிக்கும். ஐப்பசியில் பாடகர் குழுவுக்குச் சேலை எடுக்க என்னைத் தி.நகருக்கு அனுப்பினாள் மனைவி, ஒரே மாதிரி பதினான்கு. கடை முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அந்த இரைச்சலில், புன்னகையோடு எதையோ கேட்டார். ஆட்டினேன். மறுபடி கேட்டார், ஆட்டினேன். ஒரு வாரம் கழித்துப் பதினான்கு சேலைகளும் ஓரம் அடித்து, குஞ்சம் கட்டி, ஜாக்கெட் துணி தனியே வெட்டி வந்து சேர்ந்தன. ஜாக்கெட் துணிகளெல்லாம் ஒரே அளவில். குழுவில் எல்லாரும் ஒரே அளவு இல்லை. என் மனைவி அந்தப் பதினான்கு துண்டுகளையும் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு, "அவர் உன்கிட்ட கேக்கவே இல்லையா?" என்றாள். கேட்டார் என்றேன். "நீ என்ன சொன்ன?" அதற்கும் தலையை ஆட்டினேன்.

வண்டியின் புதுச் சத்தம் எங்கள் குடியிருப்பில் பிரபலமாயிற்று. சனிக்கிழமை காலையில் கார் நிறுத்துமிடத்தில் அதை ஒரு தடவை கிளப்பிப் பார்ப்பேன். கீழ்வீட்டுப் பெரியவர், ஓய்வுபெற்ற கணக்கதிகாரி, மிகுந்த மரியாதையோடு என்னை நிறுத்தினார். "ஆத்துல உக்காந்துண்டு பூஜை மணி அடிக்கறேன் சார். மணி ஆடறது தெரியறது, எனக்கே கேக்கல. பகவானுக்கு எங்கேந்து கேக்கும்?" அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். மணி ஆடுவது தெரிந்து சத்தம் கேட்காமல் இருப்பது எப்படி இருக்கும் என்று என்னைவிட நன்றாக அந்தக் கட்டடத்தில் யாருக்குத் தெரியும்? மன்னிப்புக் கேட்டேன். அடுத்த சனிக்கிழமையும் கிளப்பினேன்.

இந்த மார்கழி பிறந்தது. ஞாயிறு விடியலில் தோப்புக்குப் போகும்போது காற்று கையில் எடுத்துப் பிழியலாம் போல இருந்தது. சவுக்கு ஊசிகளின் நுனியில் பனி. கோலமாவுபோல மணல் வெளுத்துக் கிடந்தது. மெக்கானிக்கும் வந்திருந்தான், காதைச் சுற்றி மஃப்ளர், கையில் பிளாஸ்க் டீ. நான் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு மேட்டைப் பார்த்து வண்டியைத் திருப்பினேன். அன்று இன்ஜின் அவ்வளவு சுத்தமாக, அவ்வளவு துள்ளலாக இருந்தது. இத்தனை மாதத்தில் வண்டி இவ்வளவு நன்றாக ஓடியதே இல்லை என்று நினைத்தேன். முறுக்கினேன். மேடு எனக்குக் கீழே நகர்ந்தது. பாதி தாண்டியது. அந்தப் புதைகிற முக்கால் இடமும் வந்தது, சக்கரம் புதையவில்லை, கிழித்துக்கொண்டு மேலே போனது. பக்கவாட்டில் கீழே மெக்கானிக் டீயைக் கொட்டிவிட்டு இரண்டு கைகளையும் தலைக்குமேல் ஆட்டிக்கொண்டிருந்தான். ஏறு ஏறு என்கிறான் என்று நினைத்தேன். சந்தோஷத்தில் அவனுக்கும் ஒரு தலையாட்டல் ஆட்டினேன்.

அதற்கு அடுத்த கணம் சத்தம் முழுவதும் நின்றுவிட்டது. பின்சக்கரம் கல்லாகியது. மணல் ஒரு பாய் மாதிரி என்னைச் சுருட்டிக்கொண்டு கீழே இறங்கியது.

எலும்பு ஒன்றும் முறியவில்லை. இடது தோள் ஒரு வாரத்துக்கு நீலமாக இருந்தது. மேட்டின் அடியில், ஹெல்மெட்டுக்குள் மணலோடு, நான் மல்லாந்து கிடந்தபோது வானத்தில் ஒரு கொக்கு சத்தமே இல்லாமல் போனது. எல்லாக் கொக்கும் சத்தமில்லாமல்தான் போகும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலம் ஷெட்டில் வண்டியைப் பிரித்தான். பிளக் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. பிஸ்டனின் ஓரம் உருகி, மெழுகு வழிந்த மாதிரி சிலிண்டரில் ஒட்டியிருந்தது. அவன் அதைத் துணியால் துடைத்துத் துடைத்து, என்னைப் பார்க்காமலே பேசினான். குளிர்ந்த காற்று கெட்டியானது, அதற்குப் பெட்ரோல் அதிகம் வேண்டும், கத்திரிக்கு வைத்த ஜெட் மார்கழிக்கு ஆகாது. இன்ஜின் பட்டினியாக ஓடும். பட்டினி முதலில் உற்சாகமாகத்தான் இருக்கும், பிறகு உருகும். பனி வந்ததும் ஜெட்டை மாற்ற வண்டியைக் கொண்டு வா என்று அன்றைக்கே சொன்னேன், நீ தலையாட்டினாய் என்றான். உருகுவதற்கு முன்னால் இன்ஜின் சொல்லும், டப்பாவுக்குள் கோலிகுண்டு உருட்டுகிற மாதிரி, மெலிசாக, கீச்சாக. அதைக் கேட்டுத்தான் கையை ஆட்டினேன் என்றான்.

பிறகு துணியைக் கீழே வைத்தான்.

"நாப்பது அடி தள்ளி நிக்கிறேன், மஃப்ளர் வேற கட்டிக்கினு. எனக்கு கேக்குது. நீ அது மேலயே குந்திக்கினு கீற. உனுக்கு கேக்கல?"

ஹெல்மெட் என்றேன்.

"நானும் ஹெல்மெட் போட்டவன்தான் நைனா."

ஒரு மின்சார ரயில் போனது. தகரம் அதிர்ந்து அடங்கியது. எத்தனை நாளாக என்று கேட்டான். ஒரு வருஷம் என்றேன். டீச்சருக்குத் தெரியுமா என்று கேட்டான். நான் எதையும் ஆட்டவில்லை, அதுவே பதிலாக இருந்தது.

திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் குட்டைக் குழாயைக் கழற்றி நீளக் குழாய்க்குப் பக்கத்தில் பெஞ்சில் வைத்தான். இன்ஜினை மறுபடி கட்டித் தருகிறேன், ஆனால் இனி உன் பேச்சைக் கேட்டுக் குழாய் மாட்டமாட்டேன் என்றான். "காது கீற ஆள் யாரையாவது இட்டுனு வா. அவங்க கேட்டு எதச் சொல்றாங்களோ அதுதான். இல்லியா, வண்டிய மறந்துடு."

காது இருக்கிற ஆள் எனக்கு ஒரே ஒருத்தியைத்தான் தெரியும். ஏதோ ஒரு பழைய படத்தில் பக்கத்து அறைத் தொலைக்காட்சியில் வயலின் அரைச் சுருதி இறங்கினால் இங்கே அடுப்படியில் முகம் சுளிப்பவள்.

அன்று அவள் அரையாண்டுப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். ஒரு நாள் சைதாப்பேட்டைக்கு வந்து இரண்டு சைலன்சரைக் கேட்டு ஒன்றைச் சொல்ல முடியுமா என்றேன். சிவப்புப் பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமலே சிரித்தாள். ஏன், உன் காதுக்கு என்ன வந்தது என்றாள். ஆர்.சி. புத்தக உறையை அவள் முன்னால் வைத்தேன். மடிப்பைப் பிரித்தாள். வகுப்பில் நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பையனின் மதிப்பெண் அட்டையைப் பார்க்கிற மாதிரி, அந்தச் சரிகிற கோட்டை வெகுநேரம் பார்த்தாள். மேலே போட்டிருந்த தேதியைத் தொட்டாள். பழைய மடிப்பிலேயே மடித்து, திருத்தின தாள்களின் கட்டுக்குள் செருகிக்கொண்டாள். புதன்கிழமை பள்ளிக்கூடம் பாதி நாள் என்று மட்டும் சொன்னாள்.

புதன்கிழமை மதியம், தோளில் தாள் கட்டோடு, ஆட்டோவிலிருந்து இறங்கினாள். மெக்கானிக் அவளுக்காக ஒரு ஸ்டூலைத் துடைத்து வைத்திருந்தான். இன்ஜின் கட்டியாகிவிட்டது: புதுப் பிஸ்டன், ஒரு அளவு பெரியது, சீவின ஹெட்டுக்கு ஈடாக அடியில் கனமான கேஸ்கெட், அழுத்தம் பழையபடி இறங்குவதற்கு, காற்று நுழையும் இடத்து ரீட் தகடுகள் புதிது. குழாய் மட்டும் பாக்கி. முதலில் குட்டையை மாட்டி, உதைத்து, மெதுவாக முறுக்கினான். அவள் காதைப் பொத்தவில்லை. தலையைச் சாய்த்தாள். மெக்கானிக்கும் அதே பக்கம்தான் சாய்ப்பான்.

"நாலாங்கிளாஸ்ல டீச்சர் வெளிய போனதும் வருமே, அது," என்றாள்.

மெக்கானிக் சிரித்தபடி குழாயை மாற்றினான். நீளக் குழாயில் இன்ஜின் வேறு பிறவியாக இருந்தது. அடிவயிற்றிலிருந்து வந்தது. உதட்டை மூடிக்கொண்டு பாடுகிற ஒருவர் மாதிரி. ஸ்டூலின் காலில், தகரத்தில், என் நீலத் தோளில் அது நடந்தது. அவள் கையைக் காட்டி, அப்படியே பிடியுங்கள் என்று அவனிடம் சைகை செய்துவிட்டு, என் பக்கம் திரும்பினாள்.

"இது கேக்குதா உனக்கு?"

"கேக்குது."

"முதல்ல போட்டது?"

கேட்டது என்று சொல்ல வாய் எடுத்தேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கிற மாதிரி இருக்கும் என்றேன். அடியில் இருக்கிற இரைச்சல் கேட்கும், பல்லில் கூசும், மேலே இருப்பதை நானே போட்டு நிரப்பிக்கொள்வேன் என்றேன். இதை எனக்கே அதுவரை சொல்லிக்கொண்டதில்லை. மெக்கானிக் இன்ஜினை அணைத்தான். அணைந்த அமைதியில் மீதியும் வந்துவிட்டது: போன மார்கழி, கடைசி பெஞ்சு, அவள் வாய் திறந்தது, நூல் வராமல் போனது. அதனால்தான் டாக்டர், அதனால்தான் குட்டைக் குழாய், எல்லாம் அதனால்தான் என்றேன். உன் உச்சி எனக்குப் போய்விட்டது என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"அந்தப் பாட்டா? மூணாவது அடியில, மேல போற இடமா?"

ஆமாம் என்றேன்.

"அந்த இடத்துல நான் பாடறதே இல்ல." தாள் கட்டை மடியில் சரிசெய்துகொண்டாள். "ரெண்டு வருஷமாச்சு. போனா உடையுது. பாட்டு மாஸ்டருக்குத் தெரிஞ்சா ரெண்டாவது குரலுக்குத் தள்ளிடுவாரு. அதனால வாய மட்டும் தொறப்பேன். பக்கத்துல ரெண்டு சின்னப் பொண்ணுங்க பாடுறாங்க, யாருக்கும் தெரியாது."

நான் அவளைப் பார்த்தேன்.

"நீ ஒருத்தன்தான் கண்டுபிடிச்சிருக்க," என்றாள். "செவிடன்."

மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு வெளியே போய்ச் சிரித்தான். வாசல் வழியே அவன் உடம்பு குலுங்குவது தெரிந்தது. அவள் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை, பிறகு இரண்டு பேரும் சிரித்தோம், அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, அது எதற்கான நீர் என்று நான் கேட்கவில்லை. காகிதத்தில் சரிகிற கோடு சரிந்தபடியேதான் இருக்கிறது. கோலிகுண்டுச் சத்தம் எனக்குக் கேட்காதது கேட்காததுதான். ஆனால் எந்தச் சாட்சியை நம்பி ஒரு வருஷம் நான் ஒளிந்து திரிந்தேனோ, அந்தச் சாட்சி பொய். அந்த அமைதியில் பாதி அவளுடையது.

"அண்ணா, நீளமானதையே போட்டுடுங்க," என்று வெளியே பார்த்துச் சொன்னாள்.

அவன் போட்டான். பனிக்கு ஏற்ற ஜெட்டும் போட்டான். பிறகு அந்தப் பழைய வெளுத்த பிளக்கை என் உள்ளங்கையில் வைத்து, இனிமேல் ஒவ்வொரு சுற்றுக்கும் நிறுத்தி, பிளக்கைக் கழற்றி நிறம் பார், பிஸ்கட் நிறமாக இருந்தால் ஓட்டு, வெளுக்க ஆரம்பித்தால் தள்ளிக்கொண்டு வா என்றான். கண் நல்லாத்தானே கீது என்று கேட்டான். கண்ணாடி போட்டால் நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். புதுப் பிஸ்டன் பழகுகிற வரைக்கும் முறுக்கக்கூடாது, பொங்கல் தாண்டும்வரை மேட்டுப் பக்கம் போகவே கூடாது என்றான். இந்த முறை அவன் சொன்னதைத் திரும்பச் சொல்ல வைத்தாள் அவள், என்னை, வார்த்தைக்கு வார்த்தை.

ஆகவே மேடு இன்னும் அப்படியேதான் இருக்கிறது. கடல் அந்தப்பக்கம் இருப்பதாகச் சொல்கிறார்கள். காதுக் கருவிக்கு அளவெடுக்கத் தை மூன்றாம் வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள், அவள்தான் போன் செய்து நாள் வாங்கினாள். ஹெல்மெட்டுக்குள் அது விசில் அடிக்கும் என்று யாரோ பயமுறுத்தினார்கள். அடிக்கட்டும். கீழ்வீட்டுப் பெரியவர் இப்போது என்னைக் கண்டால், வண்டியை விற்றுவிட்டீர்களா என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்கிறார். இல்லை, பேசக் கற்றுக்கொண்டிருக்கிறது என்று சொன்னேன். பூஜை மணி இப்போது கேட்கிறதாம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை ஒத்திகைக்குப் போனபோது கடைசி பெஞ்சைத் தாண்டி நடந்தேன். இடது காதில் கொஞ்சம் அதிகம் மிச்சம் இருக்கிறது, ஆகவே இரண்டாம் வரிசையில் வலது ஓரம் உட்காரச் சொல்லியிருந்தாள். பதினான்கு சேலைகளும் வந்திருந்தன, தி.நகரில் நான் தலையாட்டிய குஞ்சங்கள் எல்லாம் ஒன்றாக ஆடின. ஜன்னலில் கடற்காற்று. ஆர்மோனியம் ஆரம்பித்தது. அந்தப் பாட்டு வந்தது. முதல் அடி, இரண்டாம் அடி. அவள் குரலை இவ்வளவு பக்கத்தில் நான் கேட்டே பல வருஷம் ஆகியிருந்தது. நூல் இல்லை இப்போது, கொஞ்சம் தடித்து, நடுவில் மணல் ஓடுகிற ஒரு குரல். இதை எப்போது மாற்றிக்கொண்டாள்? கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நான் பழையதையே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

மூன்றாவது அடி. எல்லாரும் மேலே ஏறினார்கள். புருவம் உயர்ந்தது, கழுத்து நிமிர்ந்தது, அவள் வாயை அகலத் திறந்தாள். என்னை நேராகப் பார்த்தாள். ஒரு சத்தமும் இல்லை. அவ்வளவு பெரிய கோயிலில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும்படி, முழு மூச்சுப் பிடித்து, அவள் ஒன்றுமே பாடாமல் நின்றாள்.

நான் சிரித்துவிட்டேன். மாஸ்டர் ஆர்மோனியத்தை நிறுத்திவிட்டுத் திரும்பி, என்னைப் பார்த்து எதையோ கேட்டார்.

தலையை ஆட்டவில்லை. "மன்னிக்கணும் மாஸ்டர், எனக்குக் காது சரியா கேக்காது," என்றேன். "இன்னொரு தடவ சொல்லுங்க."